லிட்டர் குறையவில்லை, தூரம் குறைந்தது!

சந்தையில் படியின் அடியில் மெழுகு ஒட்டி அளக்கும் வியாபாரியை ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். முத்திரை ஆபீசர் வந்து படியைப் பறிமுதல் செய்வார், அபராதம் போடுவார். ஆனால் படி சரியாக இருந்து, படிக்குள் விழும் சரக்கின் சாரம் குறைந்துபோனால் என்ன செய்வது? அதைக் கண்டுபிடிக்க முத்திரைப் படி கிடையாது. அபராதம் போட ஆபீசரும் கிடையாது. ஏனென்றால் சாரத்தைக் குறைத்ததே சர்க்கார்தான்!

இன்று நமது நாட்டின் பெட்ரோல் பங்குகளில் நடப்பது இதுவே. மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறது. லிட்டர் லிட்டராகவே விழுகிறது. விலையும் பழைய விலைதான். ஆனால் அந்த ஒரு லிட்டர் வண்டியை இழுத்துச் செல்லும் தூரம் குறைந்துவிட்டது. நூறு பங்கு பெட்ரோலில் இருபது பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எத்தனாலை ஊற்றியிருக்கிறார்கள். இதற்கு இ20 என்று பெயர். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் தொடங்கிய விற்பனை, 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது. 2030-க்குள் எட்டவேண்டும் என்று வைத்திருந்த இலக்கை ஐந்து வருஷம் முன்னே இழுத்துக்கொண்டு வந்து எட்டிவிட்டோம் என்று மத்திய சர்க்கார் மார்தட்டுகிறது.

இலக்கு எட்டப்பட்டது சரி. அந்த இலக்கின் செலவை யார் தலையில் ஏற்றினார்கள்? இதுதான் நமது கேள்வி.

யாருடைய வண்டி?

"எஸ்.யு.வி. வைத்திருப்பவனுக்கு என்ன குறை? அவனுக்காகவா நீங்கள் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஷோரூமிலிருந்து புது வண்டியை மாலை போட்டு ஓட்டி வருபவர் வேறு. அதே வண்டியைப் பத்து வருஷம் கழித்து, இரண்டாவது கையாகவோ மூன்றாவது கையாகவோ கடன்பட்டு வாங்குபவர் வேறு. 2012-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ரெனோ டஸ்டரையும், 2013-ல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை வந்தபோது வசதி படைத்தோர் வீட்டு வாசலில் நின்றன. இன்று அவற்றில் எத்தனையோ வண்டிகள் பள்ளி ஆசிரியர் வீட்டிலும், சிறு கடைக்காரர் வீட்டிலும், வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர் வீட்டிலும் நிற்கின்றன. அப்பா, அம்மா, பிள்ளைகள், வயதான பாட்டி என்று குடும்பமே ஏறிக்கொண்டு குலதெய்வக் கோவிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போவது அந்த ஒரு வண்டியில்தான்.

ஈகோஸ்போர்ட் எங்கோ அயல்நாட்டில் செய்த வண்டி அல்ல. நமது மறைமலை நகர்த் தொழிலாளர்களின் கைகள் பூட்டிய வண்டி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு கம்பெனி அறிவித்தது. கம்பெனி தன் கணக்கை முடித்துக்கொண்டது. தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். வண்டி மட்டும் இன்றும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இன்று ஊற்றப்படும் எரிபொருள், அது வடிவமைக்கப்பட்ட காலத்தின் எரிபொருள் அல்ல.

டீசல் வண்டிகள் இந்தக் கணக்கில் வரமாட்டா. ஆனால் பழைய பெட்ரோல் எஸ்.யு.வி.க்குச் சொல்வது பழைய பெட்ரோல் காருக்கும் பொருந்தும். பால்காரரின் மோட்டார் சைக்கிளுக்கும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரின் ஸ்கூட்டருக்கும் பொருந்தும். பெரிய வண்டியில் நஷ்டம் பெரிதாகத் தெரிகிறது. சின்ன வண்டியில் சின்னதாகத் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

விஷயம் மந்திரமல்ல, சாதாரண விஞ்ஞானம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்ப சக்தி கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலை எரித்தால் ஏறத்தாழ 21 மெகாஜூல்தான் கிடைக்கிறது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பத்து சதவிகிதம் எத்தனால் கலந்த லிட்டரில் 30.9 மெகாஜூல் இருக்கும். இருபது சதவிகிதம் கலந்த லிட்டரில் 29.8 மெகாஜூல்தான் இருக்கும். சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 7 சதவிகித நஷ்டம். பத்து சதவிகிதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்றரை சதவிகித நஷ்டம். ஐந்தாம் வகுப்புப் பையன் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

எரிவதற்குத் தேவையான காற்றின் அளவும் மாறுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் இந்த வித்தியாசம். பழைய எஞ்சினின் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் "காற்று மிஞ்சுகிறது" என்று தகவல் கொடுக்கிறது. உடனே கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. கூடுதலாக எரிபொருள் பாய்கிறது. வண்டி ஓடுகிறது, நிற்கவில்லை. ஆனால் டாங்க் சீக்கிரம் காலியாகிறது.

"எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆகையால் வண்டி நன்றாக இழுக்கும்" என்று சர்க்கார் தரப்பில் சொல்கிறார்கள். ஆக்டேன் அதிகம் என்பது உண்மை. அந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ள எஞ்சினில் அழுத்த விகிதம் அதிகமாக இருக்கவேண்டும். பற்றவைக்கும் நேரம் அதற்கேற்பச் சீராக்கப்பட்டிருக்கவேண்டும். புதிதாக வடிவமைக்கும் எஞ்சினில் இதைச் செய்யலாம். பத்து வருஷத்துக்கு முன் வார்த்துக் கடைந்து பூட்டிய எஞ்சினின் அழுத்த விகிதத்தை யார் போய் மாற்றுவது? பல் இல்லாத கிழவனுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு, "முறுக்கு நல்ல முறுக்கு" என்று சான்று சொல்வது போன்றது இந்த வாதம்!

சர்க்காரே ஒப்புக்கொண்ட கணக்கு

நாம் சொல்வதை நம்பவேண்டாம். சர்க்கார் சொன்னதையே பார்ப்போம். 2021 ஜூனில் நிதி ஆயோக் எத்தனால் கலப்புக்கான திட்ட அறிக்கையை வெளியிட்டது. சுத்தப் பெட்ரோலுக்கு வடிவமைத்து, பத்து சதவிகிதக் கலப்புக்குச் சீரமைத்த நான்கு சக்கர வாகனங்களில் இ20 ஊற்றினால் 6 முதல் 7 சதவிகிதம் வரை எரிபொருள் திறன் குறையும் என்று அந்த அறிக்கை சொல்கிறது. இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவிகிதம். இ20-க்கென்றே சீரமைத்த புதிய கார்களில் 1 முதல் 2 சதவிகிதம்.

2025 ஆகஸ்டில், நாடெங்கும் வண்டிக்காரர்கள் குரல் எழுப்பிய பிறகு, பெட்ரோலிய அமைச்சகம் வாய் திறந்தது. புதிய வண்டிகளில் 1 முதல் 2 சதவிகிதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதைச் "சொற்பக் குறைவு" என்று பெயரிட்டுத் தட்டிக்கழித்தது.

எது சொற்பம்? கணக்கைப் பார்ப்போம். பத்து வயதான ஒரு பெட்ரோல் எஸ்.யு.வி.யின் டாங்க் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்து வந்தது. டாங்கை நிரப்பினால் 600 கிலோமீட்டர். 3 சதவிகிதம் குறைந்தால் 582. 6 சதவிகிதம் குறைந்தால் 564. அதாவது ஒவ்வொரு டாங்கிலும் 18 முதல் 36 கிலோமீட்டர் காணாமல் போகிறது. மதுரையிலிருந்து மேலூருக்குப் போகும் தூரம், எண்ணெய் ஊற்றியும் போகாத தூரமாகிவிடுகிறது.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு இதன் விலை என்ன? பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று சுலபமாக வைத்துக்கொள்ளலாம். 12 கிலோமீட்டர் கொடுத்தபோது மாதச் செலவு 8,333 ரூபாய். 6 சதவிகிதம் குறைந்தால் 8,865 ரூபாய். மாதம் 532 ரூபாய் அதிகம். வருஷத்துக்கு ஏறத்தாழ 6,400 ரூபாய். சர்க்கார் சொல்லும் மிகக் குறைந்த 3 சதவிகிதத்தையே எடுத்தாலும் வருஷத்துக்கு 3,100 ரூபாய் போகிறது. மந்திரிக்கு இது சொற்பமாக இருக்கலாம். வாடகைக்கு வண்டி ஓட்டி வயிறு வளர்ப்பவருக்கு இது பிள்ளையின் பள்ளிச் செலவு.

பழைய வண்டிக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண்ணிச் சொல்லும் வசதி அவருடைய பல வண்டிகளில் இல்லை. முள் கீழே இறங்கினால், பழகிய அனுபவத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். "ரிசர்வ் விழுந்த பிறகும் அறுபது கிலோமீட்டர் தாங்கும்" என்று பல வருஷமாக நம்பிய கணக்கு இன்று பொய்க்கிறது. நடு ராத்திரியில் பிரசவத்துக்கோ நெஞ்சு வலிக்கோ நகரத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் கிராமத்துக் குடும்பத்துக்கு, இந்தப் பொய்த்துப்போன கணக்கு வெறும் ரூபாய் விவகாரம் அல்ல.

மாற்றுப் பாகம் மலிவாம்!

"சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம்; அது மலிவான வேலை; சாதாரண சர்வீசிலேயே செய்துகொள்ளலாம்" என்றும் அமைச்சகம் சொல்லியிருக்கிறது.

கவனித்தீர்களா? மாற்றவேண்டி வரும் என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். யார் காசில் மாற்றுவது என்பதை மட்டும் சொல்லவில்லை! எத்தனால் ஈரத்தை இழுக்கும். சில வகை ரப்பரை ஊதச் செய்யும். சில உலோகங்களை அரிக்கும். இ20-க்குத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலை ஒட்டித்தான். அதற்கு முன் வாங்கிய கோடிக்கணக்கான மக்கள் செய்த குற்றம் என்ன? அன்றைய சட்டப்படி விற்ற வண்டியை, அன்றைய சட்டப்படி வரி கட்டி வாங்கினார்கள். சட்டத்தை மாற்றியவர்கள் செலவைக் கொடுக்கவேண்டாமா? வீட்டுக்காரர் வாசற்படியை உயர்த்திவிட்டு, குடித்தனக்காரரைப் பார்த்து "உன் கட்டிலை அறுத்துக்கொள், ரம்பம் மலிவுதான்" என்று சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

"டயரில் காற்று சரியாக வையுங்கள், ஏ.சி.யைக் குறையுங்கள், வண்டியைப் பக்குவமாக ஓட்டுங்கள், மைலேஜ் இவற்றையெல்லாம் பொறுத்தது" என்ற உபதேசமும் கிடைக்கிறது. உபதேசம் தப்பில்லை. ஆனால் நேற்றும் இதே டயர், இதே காற்று, இதே கால், இதே ரோடு. மாறியது டாங்குக்குள் விழுந்த சரக்கு ஒன்றே. மாறாதவற்றைக் காட்டி மாறியதை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

பிரேஸிலைக் காட்டுகிறார்கள்

"பிரேஸிலைப் பாருங்கள்! அங்கே பல வருஷமாக 27 சதவிகிதம் கலந்து வந்தார்கள், அங்கும் இதே கம்பெனிகள்தான் கார் விற்கின்றன" என்பது அடுத்த வாதம். பிரேஸிலைப் பார்ப்போம், ஆனால் முழுதாகப் பார்ப்போம்.

பிரேஸில் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது 1975-ல். அரை நூற்றாண்டாக எரிபொருளும் எஞ்சினும் அங்கே ஒன்றையொன்று பார்த்து மாறி வந்திருக்கின்றன. 2003 முதல் எந்த விகிதத்தில் எத்தனால் ஊற்றினாலும் ஓடக்கூடிய இரட்டை எரிபொருள் கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. பங்குக்குப் போகும் பிரேஸில்காரர் முன்னால் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று எத்தனால் கலந்த பெட்ரோல். மற்றது தனி எத்தனால். இரண்டுக்கும் விலை வேறு. எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் போடுவார். மேலே போனால் பெட்ரோல் போடுவார். ஏன் 70? எத்தனால் லிட்டருக்கு ஓடும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பது அங்கே டிரைவருக்கெல்லாம் மனப்பாடம். சாரம் குறைந்த சரக்குக்கு விலையும் குறைவாக இருக்கவேண்டும் என்ற சந்தை நியாயம் அங்கே பங்கு வாசலிலேயே தெரிகிறது.

இங்கே என்ன தேர்வு இருக்கிறது? ஒரே குழாய், ஒரே விலை, ஒரே கட்டளை! பிரேஸிலின் கலப்பை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, பிரேஸில்காரனின் உரிமையைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

நிதி ஆயோக் அறிக்கை இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடவில்லை. சக்தி குறைவை ஈடுகட்ட இ10, இ20 எரிபொருள்களுக்கு வரிச் சலுகை வேண்டும், சாதாரணப் பெட்ரோலைவிடச் சில்லறை விலை குறைவாக இருக்கவேண்டும் என்று அந்த அறிக்கையே யோசனை சொன்னது. பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக இ10 தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்றும் சொன்னது. கலப்பு இலக்கை மட்டும் பொறுக்கிக்கொண்டார்கள். விலைக் குறைப்பையும் பாதுகாப்பையும் குப்பையில் போட்டார்கள்.

விலையைக் குறைக்காததற்கு அமைச்சகம் சொல்லும் சமாதானம் இது: அறிக்கை எழுதிய காலத்தில் எத்தனால் பெட்ரோலைவிட மலிவாக இருந்தது, பிறகு கொள்முதல் விலை ஏறிவிட்டது, 2025 ஜூலை இறுதியில் போக்குவரத்தும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து எத்தனாலின் சராசரி விலை லிட்டர் 71 ரூபாய் 32 காசு. அது சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம். வேடிக்கையைப் பாருங்கள்! சாரம் குறைந்த சரக்கு, விலை கூடிய சரக்கு. இரண்டையும் சேர்த்து வாங்கியே தீரவேண்டும் என்பது உத்தரவு. எத்தனால் விலையை நிர்ணயிப்பது யார்? வண்டிக்காரரா? சர்க்காரும் எண்ணெய்க் கம்பெனிகளும் அல்லவா!

மிச்சம் யாருக்கு?

2014-15 முதல் 2025 வரை எத்தனால் கலப்பால் 1 லட்சத்து 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று சர்க்கார் கணக்குக் காட்டுகிறது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது நல்ல நோக்கம். அதில் நமக்குத் தகராறு இல்லை. நமது தேவையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் அயல்நாட்டிலிருந்து வருகிறது. அந்தப் பிடியிலிருந்து தேசம் விடுபடவேண்டும். ஆனால் மிச்சமானது டாலர். வண்டிக்காரர் பையிலிருந்து போகும் ரூபாயில் ஒரு காசும் மிச்சமாகவில்லை. நாட்டுக்கு லாபம் என்றால் அந்த லாபத்தில் நாட்டு மக்களுக்குப் பங்கு எங்கே?

2023-24-ல் மூன்று பொதுத்துறை எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து ஏறத்தாழ 81 ஆயிரம் கோடி ரூபாய் லாபம் ஈட்டின. அந்தக் காலத்தில் பங்கு விலை எவ்வளவு இறங்கியது? 2024 மார்ச்சில், தேர்தலுக்கு முன், 2 ரூபாய்! 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, மத்திய கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தி அந்தச் சரிவை சர்க்கார் தானே எடுத்துக்கொண்டது. கலால் வரி வசூலாவது லிட்டர் கணக்கில். ஓடிய கிலோமீட்டர் கணக்கில் அல்ல. மைலேஜ் குறைந்து கூடுதல் லிட்டர் போட்டால் கஜானாவுக்கு நஷ்டமே இல்லை.

அதே 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாற்றம் வந்தது. பெரிய புது எஸ்.யு.வி.க்கு செஸ் உட்பட 50 சதவிகிதம் வரை இருந்த வரி 40 சதவிகிதமாக இறங்கியது. புது வண்டி வாங்கும் பணக்காரருக்கு லட்சக் கணக்கில் சலுகை! அதே ரக வண்டியைப் பழசாக வாங்கி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு, பங்கில் லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைக்க மனம் வரவில்லை. இதற்குப் பெயர் பசுமைக் கொள்கையா, பணக்காரர் கொள்கையா?

விவசாயியின் பெயரால்

கடைசிக் கேடயமாக விவசாயியை முன்னே நிறுத்துகிறார்கள். "எத்தனாலை எதிர்ப்பவன் கரும்பு விவசாயியை எதிர்க்கிறான்" என்கிறார்கள். திட்டவட்டமாகச் சொல்கிறோம்: கரும்பு விவசாயியின் வயிற்றில் அடிக்கும் எந்தக் கோரிக்கையும் நமக்கு இல்லை. எத்தனால் வருமானத்தால் சில ஆலைகள் பாக்கியைச் சீக்கிரம் கொடுத்தன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 2024-25 பருவத்தில் கரும்புக்கு நிர்ணயித்த விலை 10.25 சதவிகிதப் பிழிதிறனுக்கு குவிண்டால் 340 ரூபாய். அந்த விலை சர்க்கரைப் பிழிதிறனோடு கட்டப்பட்டது. எத்தனால் விலையோடு கட்டப்பட்டதல்ல. 2023 டிசம்பரில் சர்க்கரை விலை ஏறுமோ என்று பயந்தபோது, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு ஒரே உத்தரவில் தடை போட்டதும் இதே சர்க்கார்தான். விவசாயி மீது அத்தனை பாசம் என்றால் அந்தப் பாசம் அன்று எங்கே போயிற்று?

எத்தனால் இன்று கரும்பிலிருந்து மட்டும் வரவில்லை. மக்காச்சோளத்திலிருந்து வருகிறது, அதனால் கோழித் தீவனம் விலை ஏறுகிறது. அரிசியிலிருந்தும் வருகிறது! இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 2024-25 எத்தனால் ஆண்டில் 52 லட்சம் டன் அரிசியை எத்தனாலுக்கு ஒதுக்கினார்கள். என்ன விலை? கிலோ 22 ரூபாய் 50 காசு. அந்த அரிசியைக் கொள்முதல் செய்து, காத்து, சுமந்து வைக்க சர்க்காருக்கு ஆகும் அடக்கம் கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். 2023 ஜூனில், ஏழைகளுக்குக் கொடுக்க அரிசி கேட்டு வந்த கர்நாடகத்துக்கு, மாநிலங்களுக்கு வெளிச்சந்தைத் திட்டத்தில் விற்பது நிறுத்தப்பட்டது என்று கையை விரித்த கழகம்தான் இது. சாராய ஆலைக்குக் கதவு திறக்கிறது, சட்டிக்கு மூடுகிறது!

ஒரு டன் அரிசியிலிருந்து சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். கிலோவுக்கு 17 ரூபாய் 50 காசு நஷ்டம் என்றால், ஒவ்வொரு லிட்டர் எத்தனாலுக்குள்ளும் 38 ரூபாய்க்கு மேல் பொதுமக்களின் வரிப்பணம் மறைந்திருக்கிறது. பங்கில் ஒரு முறை கொடுக்கிறோம். கஜானா வழியாக இன்னொரு முறை கொடுக்கிறோம். மைலேஜ் குறைந்து மூன்றாவது முறையும் கொடுக்கிறோம்.

தண்ணீரும் உண்டு. சர்க்கரையிலிருந்து எடுக்கும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் அறிக்கையே எழுதியிருக்கிறது. நிலத்தடி நீர் கீழே கீழே போகும் நாட்டில் இதற்கு யார் விலை போட்டார்கள்?

நமது கோரிக்கை

சுத்தப் பெட்ரோலும் கிடைக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நீதிமன்றத்தின் கதவு மூடினால் பிரச்னை மூடிவிடாது. விலையும் தேர்வும் சர்க்காரின் கொள்கை. கொள்கையை மாற்றும் சக்தி ஜனங்களின் குரலுக்கு உண்டு.

நாம் கேட்பது நட்சத்திரங்களை அல்ல. ஒன்று: சாரத்துக்கேற்ற விலை. சர்க்கார் ஒப்புக்கொண்ட 3 முதல் 6 சதவிகித நஷ்டத்துக்கு, லிட்டருக்கு 3 முதல் 6 ரூபாய் வரை இ20 விலை இறங்கவேண்டும். எத்தனால் விலை ஏறியிருந்தால் அதைக் கலால் வரியிலிருந்து ஈடுகட்டட்டும். இரண்டு: 2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகளுக்காக ஒவ்வொரு தாலுகாவிலும் இ10 கிடைக்கும் குழாய் இருக்கவேண்டும், அதற்குக் கூடுதல் விலை கூடாது. மூன்று: பழுதாகும் ரப்பர் பாகங்கள், காஸ்கெட்டுகளை மாற்றும் செலவை எண்ணெய்க் கம்பெனிகளும் வாகனக் கம்பெனிகளும் ஏற்கவேண்டும். நான்கு: ஒவ்வொரு குழாயிலும் கலப்பு விகிதத்தைத் தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். ஐந்து: பழைய வண்டிகளை மாடல் வாரியாகச் சோதித்து, மைலேஜ் எவ்வளவு குறைகிறது என்ற முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். ஆறு: உண்ணும் அரிசியை எஞ்சினில் எரிப்பதை நிறுத்தவேண்டும்.

வண்டி வைத்திருப்போருக்கு ஒரு யோசனை சொல்கிறோம். கையில் கணக்கில்லாதவன் பேச்சை ஆபீசர் கேட்கமாட்டான். டாங்கை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய கிலோமீட்டரை அதால் வகுத்துவிடுங்கள். ஒரு தடவை போதாது. மூன்று நான்கு தடவை எழுதி வையுங்கள். பங்கு ரசீதையும் எறியாதீர்கள். பழைய மைலேஜ் கணக்கு டிரைவர்களின் நோட்டில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். மழைக் காலத்தில் டாங்கை அடிமட்டம் வரை காலியாக வைக்காதீர்கள். தண்ணீர் கலந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே தங்கும். சர்வீஸ் செய்யும்போது பெட்ரோல் ஹோஸையும் ஃபில்டரையும் மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள்.

ஒரு வண்டிக்காரரின் நோட்டு வெறும் நோட்டு. ஒரு ஸ்டாண்டில் நிற்கும் ஐம்பது வண்டிகளின் நோட்டுகள் சேர்ந்தால் அது சாட்சியம். ஒரு மாவட்டத்தின் சாட்சியங்கள் சேர்ந்தால் அது எந்த மந்திரியும் "சொற்பம்" என்று ஒதுக்க முடியாத குற்றப்பத்திரிகை. கார் ஸ்டாண்டுகளிலும், ஆட்டோ ஸ்டாண்டுகளிலும், மோட்டார் சைக்கிளில் ஓடிப் பிழைக்கும் இளைஞர்களிடத்திலும் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கட்டும். கலெக்டர் அலுவலகத்து மேஜையில் அந்த நோட்டுகள் குவியட்டும்.

அளவில் மோசடி செய்த வியாபாரியைச் சந்தையிலிருந்து விரட்டிய ஜனங்கள் நாம். சாரத்தில் குறைத்துவிட்டு முழு விலை கேட்கும் கையையும் தட்டிக் கேட்போம். கொடுக்கும் சரக்குக்கு ஏற்ற விலை. அதற்கு மேல் ஒரு காசும் கூடாது!